படுகையா, வடிநிலமா?

மெல்பன் தமிழர் கூட்டமொன்றில் பேசியவர் ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் ஆற்று பேசினை ‘மர்ரே டெல்டா’ என்றார். தஞ்சாவூர்க்காரராக இருக்கவேண்டும். டெல்டா, ஆறு கடல் சேருமிடத்தில் வண்டலால் உண்டாகும் நிலம்; பேசினோ அந்த ஆற்றுக்கு மழைநீரைத் தரும் நிலம் முழுவதும். ஆங்கிலத்தில் கிண்ணத்தின் பெயர்தான் ஆற்றுக்கும் ஏறியது. நம் வீடுகளில் அது இன்னும் கைகழுவும் வாஷ்பேசின். ஆற்று பேசினை நாளிதழ்கள் ‘படுகை’ என்கின்றன. படு என்னும் வினையில் பிறந்த சொல் அது, படுக்கைக்கு உடன்பிறப்பு. காவிரிக்கரையில் படுகை என்றால் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம், வாழையும் மூங்கிலும் நிற்குமிடம். பொருள் அகன்று இன்று ‘காவிரிப் படுகை’ என்றாலே பலருக்கும் டெல்டா என்றாகிவிட்டது. ‘வடிநிலம்’ இந்தக் குழப்பத்துக்கு இடம்தராது. சோறு வடிக்கிறோம், வடிகால் வெட்டுகிறோம், அதே வடிதான். தமிழகத்தில் ‘தாமிரபரணி வடிநிலக் கோட்டம்’ என்றே பாசன அலுவலகம் உண்டு. நீர் எங்கிருந்து வடிகிறதோ அதுவரை இச்சொல்லின் எல்லை நீளும். மர்ரே–டார்லிங்கையே பாருங்கள்: குவீன்ஸ்லாந்தில் பெய்யும் மழை நியூ சவுத் வேல்ஸைக் கடந்து தெற்கு ஆஸ்திரேலியாவில் கடல் சேர்கிறது. விக்டோரியாவின் ஒரு பகுதியும் கான்பராவும் உள்ளே அடக்கம். பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். 1915 ஒப்பந்தம் மர்ரே ஆற்றுநீரை மூன்று மாநிலங்களுக்குப் பங்கிட்டதோடு சரி. 2007 நீர்ச் சட்டமும் அதன்கீழ் வந்த 2012 பேசின் திட்டமும் மொத்த நிலத்தையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்தன. அந்தக் கணக்குக்குப் பொருந்துவது வடிநிலம். படுகையை ஆற்றோர வாழைக்கே விட்டுவிடலாம்.