பாளையத்துக்கு வெளியே போன குரு

பொறியியல் படித்தவனுக்கு லேவியர் நூலில் என்ன வேலை என்று பழைய தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. அதன் 13, 14ஆம் அதிகாரங்கள் முழுக்க முழுக்க ஒரு ஆய்வு விதிமுறை. நம்ம ஆட்கள் எழுதியதோ என்றுகூடத் தோன்றும்!

பழைய இஸ்ரயேலில் ஒருவருக்குத் தோலில் தடிப்போ வெண்புள்ளியோ கண்டால் குருவிடம் வரவேண்டும். அங்கே முடி வெளுத்திருக்கிறதா, தோல் குழிந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். சந்தேகம் என்றால் 7 நாள் தனியே வைத்து மறுபடி பார்ப்பார். தேவைப்பட்டால் இன்னொரு 7 நாள். மருந்து கொடுப்பது அவர் வேலையல்ல. தீட்டா, இல்லையா என்று அறிவிப்பதோடு சரி. உடம்பு முழுக்க வெளுத்துவிட்டவர் தீட்டற்றவர் என்பதும் அந்தச் சட்டம்தான்! வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை படிந்தாலும் சோதனை உண்டு. கல்லைப் பெயர்த்து, சுரண்டி, புதுப் பூச்சு பூசவேண்டும். திரும்ப வந்தால் வீட்டையே இடிக்கவேண்டும்.

சுவருக்குத் தொழுநோய் வருமா? எபிரேயத்தில் இதன் பெயர் 'சாராஅத்'. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'லெப்ரா' என்றார்கள். அந்நாளில் அது செதில் உதிரும் தோல் நோய்களின் பெயர். பிற்காலத்தில் அதே சொல் தொழுநோய்க்கு ஒட்டிக்கொண்டது. கூடவே தீட்டும் ஒட்டிக்கொண்டது. 1873இல் ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் அது விட்டபாடில்லை.

மூன்றாண்டுக்கு ஒருமுறை, பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு திருப்பலியில் 13ஆம் அதிகாரத்தின் சில வரிகள் வாசிக்கப்படும். 'தீட்டு, தீட்டு' என்று கத்திக்கொண்டு பாளையத்துக்கு வெளியே இருக்கவேண்டும் என்பதோடு வாசகம் முடிந்துவிடும். கதை அங்கே முடியவில்லை. 14ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். குணமானவரைப் பார்க்கக் குருவே பாளையத்துக்கு வெளியே போகவேண்டும். இரண்டு பறவைகளில் ஒன்றை உயிரோடு வெட்டவெளியில் பறக்கவிடுவார். எட்டாம் நாள் பலி இரத்தத்தை அவருடைய வலது காது மடலிலும், வலது கைப் பெருவிரலிலும், வலது கால் பெருவிரலிலும் பூசுவார். ஆரோனைக் குருவாக அருள்பொழிவு செய்தபோது பூசியதும் இதே மூன்று இடங்களில்தான்! தள்ளி வைக்கப்பட்டவருக்கு இவ்வளவு மரியாதை. ஏழை என்றால் குறைந்த காணிக்கை போதும்.

மாற்கு நற்செய்தியில் இயேசு முதலில் தொடுகிறார். பிறகு, "போய்க் குருவிடம் காட்டு" என்கிறார். குணமானால் மட்டும் போதாது, ஊர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. தொழுநோய் முழுமையாகக் குணமாகும் என்றாகிவிட்டது. ஆனால் அந்நோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற விதி நம் நாட்டுச் சட்டங்களிலிருந்து நீங்கியது 2019இல்தான். வெளியே அனுப்பும் அதிகாரத்தை நாம் நன்றாகவே மனப்பாடம் செய்துவிட்டோம். திரும்ப அழைத்துவரும் அதிகாரத்தை இனியாவது படிக்கவேண்டும், நண்பர்களே.