தகுதியற்ற ஊர்

தனுஷ்கோடியைப் பற்றி எழுதுகிறவர்கள் புயலில் தொடங்கி இடிந்த தேவாலயத்தில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு சொல் கிடக்கிறது. ‘வாழத் தகுதியற்றது.’ அரசு சொன்ன சொல். நான் அதைத்தான் வாசிக்க விரும்புகிறேன்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் அதிலிருந்தவர்களோடு போயிடுச்சு. ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் போச்சு. அதே இரவில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களையும் கடல் பறித்துக்கொண்டது.

இரண்டு சிதைவுகள், ஒரே கடல். பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்கள். கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டு ஏற்றினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பெரிய வேலைதான். ஊருக்கு வாய்த்தது ஒரு அறிவிப்பு மட்டும். ராமேஸ்வரத்துக்கு அப்பால் தண்டவாளம் மறுபடி போடப்படவில்லை.

மணல்திட்டின் நுனியில் ஊர் வைப்பது ஆபத்து என்பீர்கள். சரி. கடலின் நடுவில் நிற்கும் பாலத்துக்கு மட்டும் ஆபத்து இல்லையா? ஆபத்தை அளந்தது கடல்மட்டம் மட்டுமல்ல, தேவையுந்தான். 1914இல் பாலமும் தலைமன்னார் கப்பலும் வந்தபோது இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் போகிற வழியாக இந்த ஊர் தேவைப்பட்டது. புயலுக்குப் பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. துறைமுகம் இடம்பெயர்ந்ததும் ஊர் தகுதி இழந்தது.

ஆனால் மீனவர்கள் போகவில்லை. கடல் அங்கேதானே இருக்கு. மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்தார்கள், ஓலைக்குடிசை போட்டார்கள். அறிவிப்பு ஆட்களை அப்புறப்படுத்தவில்லை. ஆஸ்பத்திரியையும் விளக்கையும் சாலையையும்தான் அப்புறப்படுத்தியது. அடுத்த புயலுக்கு அவர்களை இன்னும் வெறுங்கையோடு நிறுத்தியது. அபாயம் என்று பெயர் வைத்தே அபாயத்தைக் கூட்டுகிற வேலை இது.

2017இல் அரிச்சல்முனை வரை தேசிய நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அலை அரிக்காமலிருக்க ஓரத்தில் கல் அடுக்கியிருக்கிறார்கள். ஆக, கடலைத் தடுக்கக் கல் இருக்கத்தான் செய்தது. சுற்றுலா வண்டிகளுக்காக அது வந்து சேர ஐம்பத்து மூன்று வருஷம் ஆயிற்று.

கடல்மட்டம் உயர்கிற காலம் இது. இனியும் பல கரையோர ஊர்களைப் பற்றி இந்தச் சொல் சொல்லப்படும். சில ஊர்களை நகர்த்தத்தான் வேண்டியிருக்கும். அப்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி எளியது: ஊரை நகர்த்துகிறீர்களா, இல்லை ஊரின் ஆஸ்பத்திரியை மட்டும் நகர்த்துகிறீர்களா?