ஆறு பேரும் ஒரு தாலமும்

மொரோக்கோ தேசத்துத் தஞ்சா நகரிற் பிறந்து, உலகின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த இப்னு பத்தூத்தா என்னும் யாத்திரிகர், 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து சேர்வதற்குச் சில காலம் முன்னர், இந்தியாவின் மேலைக்கரையிலுள்ள ஹொன்னாவர் என்னும் துறைமுகப்பட்டினத்தில் சுல்தான் ஜமாலுத்தீனின் விருந்தாளியாக இருந்தபோது தாம் உண்ட உணவைப் பற்றி எழுதிவைத்துள்ள குறிப்பு, போஜன சரித்திரத்தில் ருசியுள்ளவர் எவரும் படித்திருக்க வேண்டிய ஒன்றாகும். செம்பினாலான மேசை ஒன்று கொண்டுவரப்படும்; அதன்மேல் தாலம் எனப்படும் செம்புத்தட்டு வைக்கப்படும்; பட்டுடுத்திய அடிமைப் பெண்ணொருத்தி பெரிய செம்புக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு எடுத்துத் தட்டிலிட்டு, நெய் வார்த்து, மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஆகியவற்றின் ஊறுகாயைப் பக்கத்தில் வைப்பாள். அது முடிந்ததும் இரண்டாவது கரண்டிச் சோறு, கோழிக்கறியோடு. அதன்பின் இன்னொரு கரண்டி, வேறுவகைக் கோழிக்கறியோடு. பின்னர் மீன் வகைகள். அவற்றுக்குப் பிறகு நெய்யிற் சமைத்த காய்கறிகளும் பாற்பண்டங்களும். எல்லாவற்றுக்கும் ஈற்றில் தயிர். தயிர் வந்துவிட்டால் இனி ஒன்றும் வருவதற்கில்லை என்று விருந்தாளி அறிந்துகொள்வார். மழைக்காலத்திற் குளிர்ந்த நீர் உடம்புக்கு ஆகாதென்று குடிப்பதற்கு வெந்நீரே கொடுப்பார்களாம்.

இந்தக் குறிப்பை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் இரவு பஸ் ஏறிக் குடும்பத்தோடு கொழும்புக்குப் பிரயாணம் போகிறவர்கள், மிருகக்காட்சிச்சாலையையும் காலிமுகத்திடலையும் பிள்ளைகளுக்குக் காட்டி முடித்தபின், கையிற் சற்றுப் பொருள் மிகுந்தவர்களாயின், பெரிய ஹோட்டல் ஒன்றில் ஏழோ எட்டோ சிறு சிறு தட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வரும் உணவையும் ஒருமுறை பார்த்துவிடுவோமென்று உட்காருவது இக்காலத்து வழக்கமாகி வருகிறது. டேஸ்டிங் மெனு என்று அதற்குப் பெயர். உள்ளங்கையளவு தட்டின் நடுவே ஒரே ஒரு இறால் வந்து நிற்க, வாப்பா விலையை மனதுக்குள் வகுத்துப் பார்த்துக்கொண்டிருக்க, கடைக்குட்டி மட்டும் எல்லாருடைய வினாவையும் தானே வாய்விட்டுக் கேட்டுவிடும்: "உம்மா, சோறு எப்ப வரும்?" ஊர் திரும்பியபின் திண்ணையிற் பேச்சு எழும்போது, இது வெள்ளைக்காரனுடைய நாகரிகம், நமக்கு ஒத்துவராது என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுவார்கள். ஒத்துவராது என்பதைப் பற்றி எனக்கு வழக்கில்லை. வெள்ளைக்காரனுடையது என்பதுதான் சரித்திரத்தோடு பொருந்தவில்லை.

ஐரோப்பாவில் பிரபுக்களின் மேசைகளிலே நெடுங்காலம் நிலவியது, பாத்திரங்கள் பலவற்றையும் ஒரே சமயத்திற் பரப்பிவைத்து, அவரவர் கைக்கு எட்டியதை எடுத்துண்ணும் பிரெஞ்சு முறையே ஆகும். சமையலறையிலிருந்து ஒவ்வொரு வகையாகச் சூடு ஆறாமற் கொணர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பரிமாறும் முறையை 1810ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகருக்கு அறிமுகம் செய்தவர் அங்கே ருஷ்யத் தூதுவராக இருந்த குராகின் என்று சொல்வார்கள். ருஷ்ய முறை என்றே அது பெயர்பெற்று, அந்நூற்றாண்டின் பிற்பாதியிலேதான் எங்கும் வேரூன்றியது. கொழும்பில் 1864ஆம் ஆண்டு காலிமுகத்திடலின் தென்கோடியில் கோல்பேஸ் ஹோட்டல் திறக்கப்பட்டு, ஐந்து ஆண்டுகளில் சுயஸ் கால்வாயும் திறந்து, கப்பற் பிரயாணிகள் திரள் திரளாக வந்திறங்கத் தொடங்கிய காலத்தில், அந்த வரிசைமுறை ஐரோப்பியருக்கே புதுமை மாறாத ஒன்று. ஹொன்னாவர்ச் சுல்தானின் தாலத்திலோ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்தேறிவிட்டது. இன்னும் பின்னோக்கிப் போனால், 822ஆம் ஆண்டிற் கொர்தோவா நகருக்கு வந்து சேர்ந்த சிர்யாப் என்னும் இசைவாணர், முதலிற் சூப்பு, அடுத்து இறைச்சி, ஈற்றில் இனிப்பு என்னும் கிரமத்தை அந்தலூஸின் பிரபுக்களுக்குக் கற்பித்தார் என்றொரு பாரம்பரியமும் உண்டு. அதிற் கதை எத்தனை பங்கு, உண்மை எத்தனை பங்கு என்பது வேறு விஷயம்.

அப்படியாயின், அதே சமுத்திரத்தின் இன்னொரு கரையில், அதே மார்க்கத்தைப் பின்பற்றி, அதே நெய்யையும் தயிரையும் மிளகையும் புழங்கிவந்த நம் முன்னோர், கரண்டி கரண்டியாக வரும் அந்த வரிசையைக் கைக்கொள்ளாமல், ஆறு பேர் ஒரு தாலத்தைச் சுற்றி உட்காரும் சஹன் முறையை ஏன் தம்முடையதாக்கிக்கொண்டார்கள்?

இதற்கு விடை தேடுகிறவர், இக்கரையில் முஸ்லிம்கள் எவ்வாறு பெருகினார்கள் என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். கரையோரத்திற் போர்த்துக்கேயரின் துன்புறுத்தலுக்கு ஆளாகி ஓடிவந்தவர்களில் நாலாயிரம் பேரை 1626ஆம் ஆண்டளவிற் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்று சரித்திராசிரியர் எழுதுவர். அவர்களுக்கு முன்னரே இங்கு வந்து நிலைத்தவர்களும் உண்டு. வந்தவர்களிற் பலர் வியாபாரத்தை மட்டும் நம்பியிராமல் வயலில் இறங்கினார்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பட்டியில் வீடுகளும், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லுமாக அமைந்த ஊர்கள் இவை. 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரை மட்டக்களப்போடு சேர்ந்திருந்தவை. சுல்தானும் அரண்மனையும் இல்லாத உழவர் ஊரில், ஒருவனுக்கு ஒரு பணிப்பெண் நின்று கரண்டி கரண்டியாகப் பரிமாறுவதற்கு ஆளேது? ஊர் முழுவதையும் அழைக்காமல் விட்டால் மனஸ்தாபம் வந்துவிடும் கலியாணத்தில், நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரு மதியத்துக்குள் வயிறார உணவளிக்க வேண்டியவனுக்கு, ஆறு பேருக்கு ஒரு தாலம் என்ற கணக்கைக் காட்டிலும் உபயோகமான கணக்கு வேறில்லை. எத்தனை சஹன் என்று கேட்டால் எத்தனை மூடை அரிசி, எத்தனை மாடு என்பது தானே விளங்கிவிடும். மார்க்கத்தின் போதனையும் இதற்குத் துணைநின்றது: சேர்ந்து உண்பதிற் பறக்கத் உண்டென்பதும், வலக்கையால் தன் முன்னால் உள்ளதை உண்ண வேண்டுமென்பதும் நபிவழியாக ஒவ்வொரு பிள்ளையும் கேட்டு வளர்ந்தவை.

சஹனில் வரிசையே இல்லையென்று எண்ணுவோர் அதில் உட்கார்ந்தறியாதவர். பாயின்மேல் வெள்ளை விரிக்கப்பட்டு, ஒருவர் படிக்கம் ஏந்த ஒருவர் செம்பிலிருந்து நீர் வார்க்க, வயதில் மூத்தவரிலிருந்து தொடங்கி ஆறு பேரும் கைகழுவி முடித்தபின்னரே தாலம் நடுவே வந்து இறங்கும். கஜுவும் பிளம்ஸும் தூவிய நெய்ச்சோறு குன்றுபோற் குவிந்திருக்க, அதன் நடுவே இறைச்சியும் பொரித்த கோழியும், சுற்றிவரச் சிறு கோப்பைகளிற் கத்தரிக்காயும் வாழைக்காயும் ஈரலும் பொரித்துச் சேர்த்த களியாவும், அச்சாறும், மாசிச் சம்பலும் இருக்கும். பிஸ்மில்லாச் சொல்லுமுன் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து நாவில் வைப்போரும் உண்டு. பெரியவர் கைவைக்கும்வரை ஒருவரும் கைவைக்கார். அவர்தாம் இறைச்சியைப் பிய்த்து ஆறாக்கி ஒவ்வொருவர் பக்கமாகத் தள்ளுவார். நல்ல துண்டு எதுவென்று அவர் கண்ணுக்குத் தெரியும், அது தம் பக்கம் தங்காமற் பார்த்துக்கொள்வதிலேதான் அவருடைய பெருந்தன்மை இருக்கிறது. "இந்தாங்க, இதையுந் தின்னுங்க மனே" என்று எதிரே கூச்சப்பட்டிருக்கும் இளைஞனின் பக்கம் ஈரலைத் தள்ளிவிட்டு, அவர் தாம் வெறுஞ்சோற்றை ஆணத்திற் பிசைந்துகொண்டிருப்பார். சோற்றில் எல்லைக்கோடு எதுவும் இல்லை. ஆயினும் அவரவர் பங்கு கரைந்துபோவதைப் பார்த்தால், நூல் பிடித்து வகுத்ததுபோல ஆறு பள்ளங்கள் தெரியும். பாதியில் மறுசோறு வரும், அதற்குப் புளியாணம். இறைச்சியின் கொழுப்பு நாவிற் படிந்து சலித்துப்போகும் தருணத்தில், அந்தப் புளியும் மிளகும் எந்தத் தேர்ந்த சமையற்காரனின் உத்திக்கும் குறைந்ததல்ல. பிறகு எருமைத் தயிர் முட்டி, சீனி, வாழைப்பழம். கடைசியிற் கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலமும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். ஹொன்னாவரிலும் இங்கும் சோற்றின் முடிவைத் தயிரே சொல்லிவிடுகிறது.

அயலில் நடப்பதையும் நம்மவர் பாராமல் இருந்ததில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவு இருக்கிறது. அங்குள்ள தமிழர் வீட்டுக் கலியாணத்தில் தலைவாழை இலை விரித்து, பருப்பும் சாம்பாரும் ரசமும் பாயசமும் தயிருமாக ஒன்றன்பின் ஒன்றாக வார்ப்பதைக் கண்டு உண்டு வந்தவர்கள் நம் பாட்டன்மார். ஒருவனுக்கு ஓர் இலை, காலத்தால் வரிசை என்பது அவர்கள் முறை; ஆறு பேருக்கு ஒரு தாலம், மூத்தவர் கையால் வரிசை என்பது நம் முறை. கொழும்பு ஹோட்டலின் மெனுவைப் பார்த்து அச்சமடையத் தேவையில்லாதவர்கள் முதலிற் காரைதீவாரே என்பது என் அபிப்பிராயம்.

விருந்து யாருடைய வீட்டில் நடக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. இக்கரை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. வீடு மகளுக்குப் போவது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்பவன். ஆகவே புதுமாப்பிள்ளை தன் தோழரோடு அமரும் சஹன், அவன் இனிமேல் உண்ணப்போகும் அடுப்பின் கைத்திறனை முதன்முதலாக அறிவிக்கும் சபையுமாகும். வெளியே ஆண்களின் தாலங்களில் நடந்ததைப் பிரயாணிகளும் பாவலரும் எழுதினார்கள். உள்ளறையிற் பெண்கள் தமக்குள் வட்டமிட்டு உண்ட தாலங்களைப் பற்றி ஏட்டில் அதிகம் காணோம். புளியாணத்தின் பக்குவத்தை அறிந்திருந்தவர்கள் அவர்களே என்பதால், சரித்திரத்தின் பெரும்பாதி எழுதப்படாமற் போயிற்றென்றே சொல்லலாம். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பேரால் ஆண்டுதோறும் கொடியேறும் நாட்களிற் கந்தூரிச் சோறு ஆக்கி ஊராருக்குப் பகிர்வதிலும் இதே எண்ணமே இருக்கிறது: தனித்தனித் தட்டு அல்ல, ஒரே அண்டா.

இப்பொழுது கலியாணங்கள் மண்டபங்களுக்குப் போய்விட்டன. அங்கே மேசைகளிற் பாத்திரங்களை அடுக்கிவைத்து, கையிற் தட்டேந்தி வரிசையில் நின்று தாமே அள்ளிக்கொள்ளும் பஃபே வந்திருக்கிறது. நேரம் இல்லாதவர்களுக்குப் புரியாணிப் பார்சலும் உண்டு. சஹன் ஒழிந்துவிடவில்லை, அது பிரயாணம் போயிருக்கிறது. கொழும்பில் ஆறு பேருக்கு இத்தனை ரூபா என்று விலை குறித்து அதனை விற்கும் உணவகங்கள் இருக்கின்றன. அங்கே உட்காருகிறவர்களில் கல்முனைக் குடும்பங்களும் உண்டு. எனக்கு ஹோட்டல் மெனுவின்மீது வெறுப்பில்லை. எதன்பின் எது வரவேண்டுமென்று ஒருவன் இராப்பகலாகச் சிந்தித்திருப்பது அதிற் தெரிகிறது. பஃபேயிலோ சிந்தித்தவனும் இல்லை, பிய்த்துக் கொடுக்கும் பெரியவரும் இல்லை. வட்டிலப்பமும் இறைச்சி ஆணமும் ஒரே தட்டில் ஒன்றையொன்று நனைத்துக்கொண்டு கிடக்கின்றன. மண்டபத்துக்குக் கூலி கொடுக்கிறவர்கள், பாய் விரிக்க ஒரு மூலையையும் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன என்று நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் சிலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். முழங்கால் மடங்காது என்கிறார்கள் மூத்தவர்கள். காற்சட்டை கசங்கும் என்கிறார்கள் இளையவர்கள்.