கப்பல் விருந்தும் கறுப்புக் கோட்டும்

டைட்டானிக் படத்தில் ஜாக் இரவல் கோட்டு போட்டுக்கொண்டுதான் முதல் வகுப்பு விருந்துக்குப் போவான், ஞாபகம் இருக்கா? இன்டர்வியூவுக்கு நண்பனின் கோட்டில் போன எனக்கு மறக்கவே மறக்காது!

அது வெறும் சினிமா இல்லை. அன்றைய அட்லாண்டிக் கப்பல்களில் முதல் வகுப்பு ஆண்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கோட்டில்தான் வருவார்கள். புறப்பட்ட முதல் ராத்திரிக்கு மட்டும் விலக்கு. ஏன் தெரியுமா? பெட்டிகளை இன்னும் பிரித்திருக்க மாட்டார்களே! பெட்டி என்றால் பெரிய பெரிய டிரங்குகள். 'பயணத்தில் தேவையில்லை' என்று சீட்டு ஒட்டியவை கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். கோட்டு இருக்கும் டிரங்கு மட்டும் அறைக்கு வரும்.

என் கணக்கில், அந்தக் கோட்டைக் காப்பாற்றியது நாகரிகம் அல்ல, டிரங்குதான். 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கின. கப்பல் உல்லாசப் பயணத்துக்கு என்றாகிவிட்டது. துறைமுகத்துக்கே விமானத்தில், எடை பார்த்த சூட்கேஸோடு வருகிறவர்கள் ஒரு ராத்திரி விருந்துக்காகக் கோட்டைச் சுமப்பார்களா? 2000-ல் நார்வீஜியன் குரூஸ் லைன் 'ஃப்ரீஸ்டைல்' என்று அறிவித்துக் கட்டாயத்தைத் தளர்த்தியது. தளர்த்தியதையே விளம்பரமாக்கி விற்றார்கள்... பிகாம்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா?

2004-ல் ஓடத் தொடங்கிய குனார்டின் குயின் மேரி 2-ல் இன்றும் காலா இரவுகள் உண்டு. கோட்டு இல்லாதவர்கள் அன்றைக்கு பஃபே பக்கம் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.