தோலுரிக்கச் சொல்லும் மூலக்கூறு: ஒரு ஹார்மோனின் போலிகளைத் தேடிய அரை நூற்றாண்டு

ஆய்வுப் பொருள்

பாலக்காட்டையும் இடுக்கியையும் இணைக்கும் ஆனைமலைத் தொடரிலிருந்து இறங்கினால் உடுமலைப்பேட்டையின் மல்பெரித் தோட்டங்கள். அங்குள்ள புழு வளர்ப்பு மனைகளில் ஐந்தாம் பருவம் முடியும் நாளில் பட்டுப்புழு இலையை விட்டு விலகும்; உடல் கண்ணாடிபோல் மஞ்சளாக மினுங்கும்; தலையைத் தூக்கி இங்குமங்கும் அசைத்துக் கூடு கட்ட இடம் தேடும். பழுத்த புழுக்களைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டான சந்திரிகையில் விடும் வேலை, புழுக்கள் முன்பின்னாகப் பழுத்தால் இரவு பகலாக நீளும். இந்த மாற்றங்களை நடத்துவது, தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் வகை ஹார்மோன். அதைப் போல நடிக்கும் பொருள்களைக் கண்டறிந்த முறைகள் எப்படி வளர்ந்தன, அந்த வளர்ச்சி பட்டு விவசாயிக்கு என்ன சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூட்டுப்புழுவிலிருந்து இலைக்கு

1954-இல் ஜெர்மனியின் புட்டனாண்ட்டும் கார்ல்சனும் ஏறத்தாழ 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தனர். அதன் அமைப்பு ஸ்டீராய்டு என்பது 1965-இல் எக்ஸ்-கதிர் ஆய்வால் தெளிவானது. மறு ஆண்டே திருப்பம் வந்தது. ஜப்பானின் நகானிஷி குழு போடோகார்பஸ் மர இலைகளில் பொனாஸ்டெரோன்-ஏ என்னும் ஒத்த பொருளைக் கண்டது. ஆஸ்திரேலியாவில் அதே பேரின மரம் ஒன்றில் 20-ஹைட்ராக்சி எக்டைசோன் கிடைத்தது. நம் வேலியோர நாயுருவியிலும் அது உண்டு. நூற்றுக்கணக்கான கிலோ பூச்சி தேவைப்பட்ட ஆய்வு, கைப்பிடி இலையில் நடக்கலாயிற்று. தாவர எக்டைசோனை மல்பெரி இலையில் தெளித்துப் புழுக்களை ஒருசேரப் பழுக்க வைக்கும் முறை தென்னிந்தியப் பட்டு வளர்ப்பில் புகுந்ததும் இந்த வழியில்தான்.

சலித்தெடுத்தல்

ஆயிரக்கணக்கான தாவரச் சாறுகளை முழுப் பூச்சியில் சோதிப்பது இயலாது. பழ ஈயின் செல் வரிசைகள் இதற்கு விடை தந்தன. இங்கிலாந்தின் டினான் குழு 1990-களில் பயன்படுத்திய பி-2 செல்கள், ஹார்மோன் பட்டதும் பெருகுவதை நிறுத்தித் திரளும்; குழித்தட்டின் கலங்கலை அளந்தாலே விடை. ஹார்மோனைத் தடுக்கும் பொருளும் இதில் அகப்பட்டது: வெள்ளரிக் குடும்பத்துக் கசப்பான குக்குர்பிட்டாசின்கள். 1999-இல் இத்தரவுகளைக் கொண்டு, எக்டைசோன் வகைப் பொருள்களான எக்டைஸ்டீராய்டுகளின் முப்பரிமாண வடிவத்தையும் மின்புலத்தையும் வீரியத்தோடு பொருத்தும் கணினி மாதிரியை இக்குழு வெளியிட்டது.

பூட்டின் உள்ளமைப்பு

இதற்கிடையே, 1988-இல் ஆய்வாளர் கீத் விங் ஒரு புதிரை முன்வைத்தார். ஆர்எச்-5849 என்ற செயற்கைப் பொருளில் ஸ்டீராய்டு சட்டகமே இல்லை. ஆனாலும் தோலுரிப்பைத் தூண்டியது. டெபுஃபெனோசைட் போன்ற பூச்சிக்கொல்லிகள் அதன் வழிவந்தவை. விடை 2003-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் கிடைத்தது. புகையிலை மொட்டுப்புழுவில் ஹார்மோன் வந்து பொருந்தும் பூட்டான ஏற்பியைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஸ்டீராய்டும் செயற்கைப் போலியும் அமரும் குழிகள் ஓரளவே ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. ஏற்பி விருந்தாளிக்கேற்ப வளைந்து கொடுக்கிறது. விறைப்பான ஒற்றைக் குழியை வைத்துக் கட்டும் எந்த மாதிரியும் இதன்பின் போதாது.

முடிவு

இயல்பாக ஹார்மோன் ஏறி இறங்கினால்தான் தோலுரிப்பு நிறைவேறும். ஆனால் டெபுஃபெனோசைட் எளிதில் சிதையாமல் தங்கிவிடும். புழு தீனியை நிறுத்தும்; பழைய தலை ஓடு கழலாமல் புதியதன் மேல் சிக்கி நிற்கும்; பட்டினியில் சாகும். இம்மருந்து முக்கியமாக அந்துப்பூச்சி இனப் புழுக்களைத் தாக்குவதால் தேனீக்களுக்கு ஆபத்து குறைவு என்பது அதன் பெருமை. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சிதான். பழுக்கும் நாளில் அளந்து கொடுத்த தாவர எக்டைசோன் உதவி. பக்கத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து காற்றில் வந்த துளி அழிவு. காய்கறியும் மல்பெரியும் வரப்பைப் பகிரும் இந்த மலையடிவாரத்தில், எந்தப் புதிய போலியும் வயலுக்கு வருமுன் பட்டுப்புழுவின் ஏற்பியிலும் சோதிக்கப்பட வேண்டும். ஹார்மோனை முதலில் தந்த பூச்சிக்கு நாம் பட்ட கடன் அது.