ஐம்பது காசு ஷாம்பு

ஜூனில் பள்ளி திறக்கும்போதெல்லாம் இந்த வரலாறு நினைவுக்கு வரும்.

அந்நாளில் பிள்ளைகள் தலைக்குச் சீயக்காய், அரப்பு, வடித்த கஞ்சிதான். ஷாம்பு பாட்டிலில் வந்தது. வசதியுள்ள வீட்டுக்கே எட்டியது. ஏழையும் வாங்கச் சிறு பாக்கெட்டில் தரலாம் என்று யோசித்தவர் கடலூர் சின்னிகிருஷ்ணன். அவர் மகன்கள் வெல்வெட் பாக்கெட்டைப் பரப்பினார்கள். அவர்களில் ஒருவரான ரங்கநாதன் 1983இல் தனியே பிரிந்து, 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்பு தொடங்கினார். காலிப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தால் புதியது ஒன்று இலவசம் என்றார். பின்னாளில் 50 காசுக்கும் விற்றார்.

முன்பு தலையைப் பார்த்தே வீட்டு நிலைமை தெரியும். வகுப்பறையில் அந்த வேற்றுமையைக் கொஞ்சம் குறைத்தது இந்தப் பாக்கெட். சாக்கடையை அடைப்பதும் இதுவேதான். பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள். வாரம் ஒருநாள் சீயக்காயும் தேயுங்கள்.