கடலைப் பொட்டலத்தின் கதை

மலாய் மொழியில் 'கச்சாங் பூத்தே' என்றால் வெள்ளைக் கடலை என்பது பொருள். அப்பெயரால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எல்லா இனத்தாரும் அறிந்த தின்பண்ட வாணிகம் தமிழர் கையில் வளர்ந்ததாகும். கடலை, பட்டாணி, முறுக்கு ஆகியவற்றைத் தட்டில் அடுக்கித் தலைமேற் சுமந்து, படக்கொட்டகை வாயிலில் நின்று விற்றவர் நம்மவரே. ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு குடியிருப்புக்கே அப்பண்டத்தின் பெயர் வழங்கலாயிற்று.

அவர்கள் பண்டத்தை எதில் வைத்துக் கொடுத்தனர்? பழைய செய்தித்தாளையோ, பிள்ளைகள் எழுதித் தீர்த்த ஏட்டையோ கிழித்துக் கூம்பாகச் சுருட்டி அடியை மடித்துவிட்டால் பொட்டலம் முடிந்தது. பசையில்லை, நூலில்லை. எறிந்த தாள் மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாகும். கொடுத்த காசுக்குக் கடலையோடு ஒரு பாதிக் கதையும் கிடைத்தது!

பழையன யாவும் நல்லன என்று பாடுவோர் இவ்விடத்திற் கைகொட்டக்கூடும். சற்றே பொறுக்க. அச்சு மை உணவிற் படிதல் உடலுக்குத் தீங்கென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ஆம் ஆண்டில் எச்சரித்தது. எழுத்தில்லாத் தாளும் வாழையிலையும் இருக்கையில் செய்தித்தாள் எதற்கு?

நிற்க. பிளாஸ்டிக் எவ்வாறு வென்றது என்பதே ஆராயத்தக்கது. பாலிதீன் 1933-இல் இங்கிலாந்தில், வேறோர் ஆராய்ச்சியினிடையே தற்செயலாகக் கிட்டிய பொருள். காற்றின் ஈரம் அதனூடே எளிதிற் புகாது. இந்நாட்டுக் காற்றோ ஈரம் மிக்கது. திறந்துவைத்த முறுக்கு விரைவில் நமுத்துப்போகும். ஆயினும் தாட்பொட்டலத்தை எவரும் குறை கூறினாரல்லர். என்னை? பண்டத்தைக் காத்தது தாளன்று. இறுக மூடிய தகரப்பெட்டியே. பொட்டலத்தின் வேலை கைக்கும் வாய்க்கும் இடைப்பட்ட சில நிமிடங்கள் மாத்திரமே. பண்டம் பேரங்காடி அடுக்குகளில் வாரக்கணக்கிற் காத்துக்கிடக்கத் தொடங்கியபோதுதான் பைக்கு இடம் ஏற்பட்டது. அப்பை தின்பவனுக்காக வந்ததன்று, அடுக்குக்காக வந்தது.

பினாங்கு மாநிலம் 2009-இல் இலவசப் பைகளைக் குறைக்க முற்பட்டது. சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் 2023 சூலை 3 முதல் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு தண்டப்படுகிறது. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் கட்டணம் சுமந்து செல்லும் பைக்கு. அதனுள்ளே கிடக்கும் முறுக்குப் பைக்கு அன்று. உள்ளே கிடப்பதைத் தவிர்க்க நாம் எவர் ஆணையையும் எதிர்நோக்க வேண்டுவதில்லை. தீபாவளிக்கு முறுக்கு வாங்கச் செல்வோர் வீட்டுத் தகரப்பெட்டியைக் கையோடு கொண்டு சென்று, அதில் நிறுத்துத் தருமாறு கேட்டால், மாட்டேன் என்னும் வணிகர் எத்தனை பேர்?